மூணாவது படம், வெள்ளைச் சட்டை

கம்ப்யூட்டர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர் 1998 முதல் அருப்புக்கோட்டையில் டிடிபி கடை நடத்துகிறவர்)

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். ஊர் ஊராகப் போய்க் கோயில் கல்வெட்டுகளைப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து படித்துக் குறிப்பெழுதி வைக்கிறேன். விண்டோஸ் 11. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் பெரிய பெரிய படமாக நிற்கிறது, இன்னொன்று பட்டியலாக வருகிறது. பட்டியலாக மாற்றிவிட்டு மூடினால், பக்கத்து ஃபோல்டர் மறுபடி படமாகத் திறக்கிறது. எல்லா ஃபோல்டரும் பட்டியலாகவே திறக்க ஒரே பொத்தான் இருக்கிறதா?
– வாசகர், பரமக்குடி

பதில்: கிட்டத்தட்ட இருக்கிறது ஐயா. ஆனால் எல்லா ஃபோல்டருக்கும் அதை அழுத்திவிடாதீர்கள். நான் அழுத்தினேன். அழுத்தி இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரவு பதினொரு மணி இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு பையன் பென்டிரைவோடு குனிந்து உள்ளே வந்தான். அப்பா தவறிவிட்டார், காலையில் ஆறு மணிக்கெல்லாம் தெருவில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியாக வேண்டும், ஏ3 அளவில் 25. ‘படம் எதுப்பா?’ என்றேன். ‘மூணாவது படம்ணே, வெள்ளைச் சட்டை’ என்று சொல்லிவிட்டு, பேர், வயது, தோற்றம், மறைவு எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஐஸ் பெட்டிக்குச் சொல்லப் போய்விட்டான்.

ஃபோல்டரைத் திறந்தேன். ஒன்பது ஃபைல். நான்தான் எல்லாவற்றையும் ‘டீடெயில்ஸ்’ ஆக்கி வைத்திருந்தேனே, ஒரு முகம்கூடத் தெரியவில்லை. வெறும் பேரும் நம்பரும். மூன்றாவதைத் திறந்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மீசை. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படம். பின்னணியை அழித்து, மாலை வைத்து, விளக்கு வைத்து, 25 தாளையும் ஓட்டி முடித்தேன்.

பையன் திரும்பி வந்து மேல் தாளைப் பார்த்தான். ‘அண்ணே, இது சித்தப்பா’ என்றான். சித்தப்பா வெளியே பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரே உள்ளே வந்து தாளை வாங்கி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘போட்டோ நல்லாத்தான்ய்யா இருக்கு. ஒண்ண எடுத்து வையி, பின்னாடி ஆகும்’ என்றார். நிஜமாகவே ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் போனார். அந்த 25-க்கு நான் காசு வாங்கவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று மறுநாள் உட்கார்ந்து பார்த்தேன். பையன் வீட்டு லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் பெயர் வரிசையில் இருந்திருக்கிறது. அங்கே மூன்றாவது, அப்பா. என் மெஷினில் தேதி வரிசை. இங்கே மூன்றாவது, சித்தப்பா. படம் படமாகத் திறந்திருந்தால், வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர் இருப்பதாவது கண்ணில் பட்டிருக்கும், கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

அன்றிலிருந்து என் கடையில் இரண்டு சட்டம். எழுத்து வேலை, பில், கோரல்டிரா ஃபைல் எல்லாம் பட்டியல். முகம் இருக்கிற ஃபோல்டர் எல்லாம் படம். உங்களுக்கும் அதையே சொல்வேன். குறிப்புகள் பட்டியலாக இருக்கட்டும். கல்வெட்டுப் படத்தைப் பட்டியலில் வைத்தால், எந்தத் தூண், எந்தச் சுவர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே பொழுது போய்விடும்.

இப்போது உங்கள் மெஷின் ஏன் அப்படி மாறி மாறித் திறக்கிறது என்பதற்கு வருகிறேன். விண்டோஸுக்கு ஃபோல்டர் என்றால் ஐந்து ஜாதி. பொது, டாக்குமென்ட், படம், பாட்டு, வீடியோ. உள்ளே கிடப்பதைப் பார்த்து, இது இன்ன ஜாதி என்று அதுவாகவே முடிவு கட்டிக்கொள்ளும். குறிப்பு ஃபோல்டரில் நாலு ஃபைல் இருக்கும்போது அது ‘பொது’. அதிலேயே இருபது கல்வெட்டுப் படத்தைக் கொட்டினால், ஒரு நாள் அது ‘படம்’ ஆகிவிடும், தோற்றமும் மாறிவிடும். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, அதுதான் ஜாதி மாற்றிவிட்டது. நான் ‘கிட்டத்தட்ட’ என்று சொன்ன பொத்தானும், நீங்கள் நிற்கிற ஃபோல்டர் எந்த ஜாதியோ அந்த ஜாதிக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஐந்துக்கும் ஐந்து தடவை அழுத்த வேண்டும். வேலை மெனக்கெட்டு ஐந்து தடவையும் அழுத்தினவன்தான் நான்.

செய்ய வேண்டியது இது. முதலில் படமும் குறிப்பும் ஒரே இடத்தில் கிடந்தால் பிரியுங்கள். ‘குறிப்பு’ என்று ஒரு தாய் ஃபோல்டர், ‘படம்’ என்று ஒன்று, ஊர்கள் எல்லாம் அதனதன் உள்ளே. ‘குறிப்பு’ மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போங்கள். அதில் ‘கஸ்டமைஸ்’ என்று ஒரு தாவல். ‘ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்’ என்ற இடத்தில் ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ வையுங்கள். அதற்குக் கீழேயே, உள்ளே இருக்கிற ஃபோல்டர்களுக்கும் இதுவே என்று ஒரு டிக் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் விடுவது இந்த டிக்கைத்தான். ‘படம்’ ஃபோல்டருக்கும் இதையே செய்து ‘பிக்சர்ஸ்’ வையுங்கள். இனி ஜாதி பார்க்கிற வேலை உங்கள் கையில்.

அடுத்து ‘குறிப்பு’ ஃபோல்டரைத் திறந்து உங்களுக்குப் பிடித்த மாதிரி அலங்கரியுங்கள். ‘வியூ’ போய் ‘டீடெயில்ஸ்’. பத்திகளின் தலைப்பில் ரைட் கிளிக் செய்தால் எந்தப் பத்தி வேண்டும், எது வேண்டாம் என்று டிக் போடலாம். பெயர் பாதியில் வெட்டித் தெரிகிறதா? கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு, வலது ஓரத்து எண் பலகையில் உள்ள பிளஸ்ஸைத் தட்டுங்கள். எல்லாப் பத்தியும் உள்ளே இருக்கிற எழுத்துக்குத் தக்கபடி விரிந்துகொள்ளும். நம் தமிழ்ப் பெயர்களின் நீளத்துக்கு இது ஒரு வரம்.

அலங்கரித்து முடித்த பிறகு, அங்கேயே நின்றபடி, மேலே மூன்று புள்ளி இருக்கும், அதில் ‘ஆப்ஷன்ஸ்’. திறக்கிற பெட்டியில் ‘வியூ’ தாவல். ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ என்பதை அழுத்தி ‘யெஸ்’. ‘ஹோம்’ பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் செய்யப் பார்க்காதீர்கள், ஃபைல் இருக்கிற ஒரு ஃபோல்டருக்குள் நில்லுங்கள். பிறகு ‘படம்’ ஃபோல்டரைத் திறந்து ‘லார்ஜ் ஐகான்ஸ்’ வைத்து, மறுபடி அதே பொத்தான். எங்கேயாவது சொதப்பிவிட்டால் பக்கத்திலேயே ‘ரீசெட் ஃபோல்டர்ஸ்’ இருக்கிறது. அந்த ஜாதியை மட்டும் கம்பெனி வைத்த நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

படம் ஜாதியில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை டீடெயில்ஸாகப் பார்த்தால் வருகிற பத்தியின் தலைப்பு வெறும் ‘டேட்’. பொது ஜாதியில் வருவது ‘டேட் மாடிஃபைடு’. இரண்டும் வேறு. முதலாவது, கேமரா அந்தப் படத்தை எடுத்த நாள். இரண்டாவது, ஃபைலை நாம் கடைசியாகத் திருத்திய நாள். 2016-ல் எடுத்த கல்வெட்டுப் படத்தை இன்றைக்கு வெளிச்சம் கூட்டி சேவ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ‘டேட்’ வரிசையில் அது 2016-க்குப் போய் அடியில் உட்கார்ந்துகொள்ளும். ‘இப்பத்தானே சேவ் பண்ணினேன், எங்கே போச்சு?’ என்று தேடுவீர்கள். ‘டேட் மாடிஃபைடு’ பத்திக்கும் டிக் போட்டுவிட்டு, அதற்கப்புறம் அப்ளை கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் என்றைக்காவது ஒரு ஃபோல்டர் முரண்டு பிடித்தால், கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 6-ஐத் தட்டுங்கள், பட்டியல் வரும். 2-ஐத் தட்டினால் பெரிய படம். எனக்கு இப்போதெல்லாம் இந்த இரண்டு தட்டு போதும்.

ஃபோல்டர் இப்படிப் பழையதை மறப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் வைத்த தோற்றத்தை விண்டோஸ் அந்த ஃபோல்டருக்குள் எழுதி வைப்பதில்லை. தன் அமைப்புகளை எல்லாம் சேர்த்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில், இன்ன ஃபோல்டருக்கு இன்ன மாதிரி என்று ஒரு பேரேடு போடுகிறது. வழக்கமாக அதில் 5000 ஃபோல்டருக்குத்தான் இடம். அதைத் தாண்டினால் பழசைத் தள்ளிவிட்டுப் புதுசை எழுதும். வீட்டு உபயோகத்தில் இந்த எண்ணிக்கை எட்டாது. என் மாதிரி கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு ஃபோல்டர், காதுகுத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று போடுகிறவர்களுக்கு எட்டிவிடும். பேரேடு மெஷினில் இருப்பதால், உங்கள் பென்டிரைவை என் கடைக்குக் கொண்டுவந்தால் நீங்கள் வைத்த வரிசை கூட வராது. அந்தப் பையனின் மூன்றாவது படம் என் கடையில் மூன்றாவதாக இல்லாமல் போனது இப்படித்தான்.

*

கேள்வி: இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். கஸ்டமருக்கும் தெரியட்டும் என்று மானிட்டரை அவர்கள் பக்கமும் திருப்பி வைத்திருக்கிறேன். விண்டோஸ் பட்டனோடு ஈ தட்டினால், முன்னால் வந்துபோன ஆட்களின் ஆதார், வருமானச் சான்றிதழ் எல்லாம் ‘ரீசென்ட்’ என்று வரிசையாக நிற்கிறது. நேற்று ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைப் பார்த்து, ‘இவனுக்கு எதுக்கு வருமானச் சான்று?’ என்று கேட்டே விட்டார். எப்படி மறைப்பது?
– வாசகி, சாத்தூர்

பதில்: இன்றைக்கே மாற்றுங்கள் சகோதரி, கடை சாத்தும் வரை காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன அதே ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டிதான், ஆனால் முதல் தாவல், ‘ஜெனரல்’. உச்சியில் ‘ஓப்பன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் டு’ என்று இருக்கும். அங்கே ‘ஹோம்’ என்பதை ‘திஸ் பிசி’ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 10-இல் ஹோமுக்குப் பதில் ‘குவிக் ஆக்சஸ்’ என்று இருக்கும், அங்கேயும் இதேதான். இனி எக்ஸ்ப்ளோரர் திறந்தால் சி, டி என்று டிரைவுகள் தெரியும்.

இதோடு விட்டால் வாசலைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. இடது பக்கம் ஹோமைத் தெரியாமல் கிளிக் செய்தால் எல்லாம் மறுபடி நிற்கும். அதே தாவலின் அடியில் ‘பிரைவசி’ என்ற பகுதியில், அண்மையில் திறந்த ஃபைல், அடிக்கடி போகும் ஃபோல்டர் இரண்டுக்கும் போட்ட டிக்கை எடுத்துவிட்டு, ‘கிளியர்’ பட்டனையும் ஒரு தட்டு தட்டுங்கள். ஆனால் இதெல்லாம் கண்ணுக்கு மறைப்பதுதான். ஃபைல் டிஸ்க்கில் அப்படியேதான் கிடக்கும். வேலை முடிந்து ஆள் படி இறங்கினதும் அவருடைய ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வதை டீ குடிக்கிற மாதிரி பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

‘திஸ் பிசி’யும் வேண்டாம், என் வேலை ஃபோல்டரே நேராகத் திறக்க வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள். விண்டோஸ்-ஈக்கு அந்த மாதிரி நம் சொந்த ஃபோல்டரைக் கொடுக்க அந்தப் பெட்டியில் இடமில்லை. ஆனால் வேறு ஒரு தட்டை வைத்துக்கொள்ளலாம். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’, ‘சென்ட் டு’, அதில் ‘டெஸ்க்டாப்’. டெஸ்க்டாப்பில் வந்து விழுகிற ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷார்ட்கட் கீ’ என்று ஒரு கட்டம். அதில் கர்சரை வைத்து ஓர் எழுத்தைத் தட்டினால், கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அதுவே முன்னால் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் எந்த விண்டோவில் இருந்தாலும் அந்த மூன்றையும் சேர்த்துத் தட்டினால் உங்கள் ஃபோல்டர் வந்து நிற்கும். தமிழ் டைப்பிங் மென்பொருளுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிற கீயோடு மோதாத எழுத்தாகப் பாருங்கள். ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலேயே இருக்கட்டும், வேறு ஃபோல்டருக்குள் நகர்த்தினால் கீ வேலை செய்யாது.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த ‘வியூ’ தாவலுக்குப் போனால் ‘ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று தொடங்குகிற வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். கண்டவர் மெயிலில் இருந்தும் பென்டிரைவில் இருந்தும் ஃபைல் திறக்கிற தொழில் உங்களுடையது. ஃபைலின் வால், அதாவது பேரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருகிற எழுத்துகள், மறைந்திருந்தால், பிடிஎஃப் என்று பேரில் எழுதிக்கொண்டு வருகிற இஎக்ஸ்இ புரோகிராமும் பிடிஎஃப் மாதிரியே தெரியும். 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த மறைவில் நின்றுதான். வந்த ஃபைலின் பேர் டிஎக்ஸ்டி என்று முடிகிற மாதிரி தெரிந்தது, உண்மையான வால் விபிஎஸ், அதுவும் புரோகிராம்தான். காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள்.

*

கேள்வி: டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் டுடே, யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் என்று துண்டு துண்டாகத் திறக்கிறது. பழையபடி ஒரே பட்டியலாக்க முடியாதா?
– கல்லூரி மாணவர், கரூர்

பதில்: முடியும். காலி இடத்தில் ரைட் கிளிக், ‘குரூப் பை’, ‘நன்’. 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து டவுன்லோட்ஸுக்கு மட்டும் இப்படி வைத்துவிட்டார்கள். ஆனாலும் தம்பி, நான் அதை மாற்றவில்லை. டவுன்லோட்ஸில் நாம் தேடுவது பத்துக்கு ஒன்பது தடவை இன்றைக்கு இறக்கியதைத்தான்.

*

கேள்வி: எங்கள் சங்கத்தின் தீர்மானங்களுக்குக் கூட்டத் தேதியையே ஃபைல் பெயராக வைக்கிறேன். திறந்தால் 03-01-2025 மேலே, 04-12-2024 கீழே நிற்கிறது. டிசம்பர் கூட்டம் ஜனவரிக்கு அப்புறமா நடந்தது?
– சங்கச் செயலாளர், காரைக்குடி

பதில்: அதற்கு அது தேதி என்று தெரியாது, முன்னால் நிற்கிற 03, 04-ஐத்தான் பார்க்கிறது. திருப்பி எழுதுங்கள். 2024-12-04, 2025-01-03. வருடம் முன்னால் வந்தால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். சாய்கோடு போட்டு எழுதப் பார்க்காதீர்கள், ஃபைல் பெயரில் விண்டோஸ் அதை ஏற்காது.

பழையதை எல்லாம் மாற்ற வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். முதலில் ‘டேட் மாடிஃபைடு’ வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றினால் அந்தத் தேதி மாறாது, அதனால் மாற்ற மாற்ற ஃபைல்கள் இடம் தாவாது. முதல் ஃபைலில் நின்று எஃப்2 தட்டிப் பெயரை எழுதி, என்டருக்குப் பதில் டேப் தட்டுங்கள். அடுத்த ஃபைல் பெயர் மாற்றத் தயாராக நிற்கும். ஒரு டீ ஆறுவதற்குள் நாற்பது ஃபைல் முடிந்துவிடும். ரசீது 1, ரசீது 2 என்று வெறும் எண் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 98 காலத்தில் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும். எக்ஸ்பி வந்ததிலிருந்து அது ஒழுங்காக எண்ணக் கற்றுக்கொண்டது.

*

கேள்வி: மேக் வைத்திருக்கிற டிசைனர் ஒருவரிடம் பென்டிரைவைக் கொடுத்து வாங்கினேன். என் விண்டோஸில் சொருகினால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘டிஎஸ் ஸ்டோர்’ என்று புள்ளியில் தொடங்குகிற ஒரு ஃபைல். வைரஸா?
– ஃப்ளெக்ஸ் கடைக்காரர், ராஜபாளையம்

பதில்: இல்லை. முதல் பதிலில் பேரேடு என்று சொன்னேனே, மேக்கில் ஃபோல்டர்களைக் காட்டுகிற ஃபைண்டர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அந்தந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதி வைக்கும். இந்த ஃபோல்டர் எந்தத் தோற்றத்தில் திறக்க வேண்டும், எந்த ஐகான் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மேக்கில் அந்தப் புள்ளி இருப்பதால் கண்ணில் படாது. விண்டோஸுக்குப் புள்ளி ஒரு பொருட்டில்லை, அதனால் தெரிகிறது. தயங்காமல் அழிக்கலாம், டிசைன் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த தடவை அவர் மெஷினில் சொருகித் திறந்தால் திரும்ப வந்துவிடும்.